கனடா வழியாக மட்டும் போகக்கூடிய மினசோட்டா

வியாழக்கிழமை, காலை 5.10. ஜூன் மாதம் என்பதால் நியூ ஜெர்சியின் பிஸ்கட்டவேயில் அதற்குள் வெளிச்சம் வந்திருந்தது. வாசலில் டாக்ஸி, உள்ளே என் பெட்டி. என் மனைவி ரைஹானா மட்டும் கதவைவிட்டு நகரவில்லை. கையில் ஒரு துணிப்பை. ஒரு லிட்டர் கடலை எண்ணெய், ஒரு டப்பா மீன் மசாலா, நான்கு எலுமிச்சம்பழம்.

"அங்க எதுல பொரிப்பாங்களோ தெரியாது. இதுல பொரிச்சுச் சாப்பிடுங்க. அப்புறம் என் தம்பிய பத்திரமா கூட்டிட்டு வாங்க. அவன் இருக்கிற நெலமைக்கு..." என்று நிறுத்திக்கொண்டாள்.

"மீன் பிடிக்கத்தானே போறோம், சண்டைக்கா போறோம்?" என்று கேட்டுவிட்டு வண்டியில் ஏறினேன். அன்றைக்கு நான் எவ்வளவு தெனாவட்டாக இருந்தேன் என்பதை நினைத்தால் இப்போதும் உடம்பு கூசுகிறது.

அவள் தம்பி சாதிக் பே ஏரியாவில், ஃப்ரீமாண்டில் இருக்கிறான். சாஃப்ட்வேர் வேலை. பச்சை அட்டைக்கான வரிசையில் பதினோரு ஆண்டுகள் நின்று, இந்த வருடத் தொடக்கத்தில்தான் அவன் முறை வந்து கடைசி விண்ணப்பத்தைப் போட்டிருந்தான். முடிவு வரும்வரை, தனி அனுமதிக் காகிதம் இல்லாமல் அவன் அமெரிக்காவைவிட்டு வெளியே காலெடுத்து வைத்தால், விண்ணப்பத்தைத் தானே கைவிட்டதாக எடுத்துக்கொள்வார்கள். இது அவனுடைய வக்கீல் சொன்னது. அந்த அனுமதிக் காகிதமும் இன்னும் வந்தபாடில்லை. இரண்டு வருடங்களுக்கு முன் அவன் தகப்பனார், என் மாமா, மௌத்தானபோதும் அவனால் ஊருக்குப் போக முடியவில்லை. போனால் திரும்பி வர விசா முத்திரை கிடைக்குமா என்று யாரும் உறுதி சொல்லவில்லை. வாப்பாவின் ஜனாஸா தொழுகையை ஃப்ரீமாண்டில் உட்கார்ந்து போனில் பார்த்தான். அதன் பிறகு அவன் சிரித்து நான் பார்க்கவில்லை. சிறு வயதிலிருந்து அவனுக்கு இருந்த ஒரே பைத்தியம் தூண்டில். அதனால்தான் இந்தப் பயணத்தையே போட்டேன்.

விடுதியைத் தேர்ந்தெடுத்த கதையைச் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் குற்றம் அங்கேதான் நடந்தது. வட தேசத்து ஏரிகளில் இரண்டு மீன்கள் பேர்போனவை. ஒன்று வால்-ஐ. தங்கப் பச்சை உடம்பு, பளிங்குக் குண்டு போன்ற கண், முள் குறைந்த வெள்ளைச் சதை. மற்றது பைக். நம் கடலில் சீலா மீன் பார்த்தவர்களுக்கு உடனே விளங்கும்: அதே நீள உடம்பு, அதே பல். இரண்டும் ஒரே ஏரியில் கிடைக்க வேண்டும், படகும் வழிகாட்டியும் விடுதியே தர வேண்டும், நாமே சமைக்க அடுப்பு வேண்டும். பதினான்கு விடுதிகளை எக்செல்லில் வரிசைப்படுத்தினேன். அதில் ஒன்பது கனடாவின் ஒன்டாரியோவில் இருந்தன. மீனும் அங்கேதான் அதிகம், விலையும் குறைவு. சாதிக்குக்காக ஒன்பதையும் சிவப்பில் அடித்தேன். மீதி ஐந்தும் அமெரிக்கா. அதில் முதல் இடம் பிடித்தது 'லேக் ஆஃப் த வுட்ஸ்' ஏரியில் ஒரு சின்னத் தீவு விடுதி. முகவரியில் மினசோட்டா என்று பளிச்சென்று போட்டிருந்தது. நான்கு இரவு, படகு, வழிகாட்டி எல்லாம் சேர்த்துத் தலைக்கு 1,150 டாலர். திருப்பித் தரமாட்டார்கள். அமெரிக்க வரைபடத்தின் வடக்கு எல்லை ஸ்கேல் வைத்துக் கோடு போட்டதுபோல் போகும். நடுவில் ஒரே ஓர் இடத்தில் மட்டும் கொசு கடித்ததுபோல் ஒரு சின்ன மேடு துருத்திக்கொண்டிருக்கும். அச்சுப் பிழை என்றுதான் இருபது வருடங்களாக நினைத்துக்கொண்டிருந்தேன். என் விடுதி அந்த மேட்டில் இருந்தது.

காலை 10.40, மினியாபொலிஸ். ஹூஸ்டனிலிருந்து நேசன் அண்ணன் எனக்கு முன்பே வந்து காப்பி குடித்துக்கொண்டிருந்தார். யாழ்ப்பாணத்துக்காரர், டாக்டர். நியூ ஜெர்சியில் பயிற்சி மருத்துவராக இருந்த காலத்தில் எங்கள் அடுத்த வீடு. அப்போதிலிருந்து பழக்கம். அரை மணி கழித்து சான் பிரான்சிஸ்கோ விமானத்தில் சாதிக் வந்தான். ஒரு தோளில் தூண்டில் குழாய். மறு கையில் நீல பிளாஸ்டிக் ஃபைல்.

"தம்பி, மீன் பிடிக்க வாற ஆள் ஏன் உந்தக் கட்டைக் காவிக்கொண்டு வாறீர்?" என்றார் நேசன்.

"எல்லாம் இருக்கு அண்ணே. பாஸ்போர்ட், அப்ரூவல் நோட்டீஸ், ரெசீட், டேக்ஸ் பேப்பர், டென்த் மார்க் ஷீட் வரைக்கும். இது இல்லாம நான் காஸ்ட்கோ கடைக்குக்கூடப் போறதில்ல."

அவன் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. பார்க்கிங் டிக்கெட் ஒன்று வாங்கியதற்காக வக்கீலுக்கு மூன்று மின்னஞ்சல் அனுப்பியவன் அவன். 'நேர்மையாகச் சொல்லிவிடுவது நல்லது இல்லையா' என்று முடியுமாம் ஒவ்வொன்றும்.

காலை 11.45. வாடகைக் கார், நாளுக்கு 74 டாலர். போனில் விடுதி முகவரியைப் போட்டேன். திரையில் ஏதோ கட்டம் வந்து நின்றது. சுங்கச் சாவடி சமாசாரமாக இருக்கும் என்று படிக்காமலே 'சரி'யை அழுத்தினேன். இருபது வருடம் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தவன் பழக்கம். எந்தக் கட்டம் வந்தாலும் கை தானாக அழுத்திவிடும்.

வாரோட் என்ற ஏரிக்கரை ஊர்வரை 360 மைல். பெமிஜியில் பெட்ரோல் போட்டு, ஊர் தாண்டி ஒரு ஓய்விடத்தில் புல்வெளியில் நானும் சாதிக்கும் லுஹரையும் அஸரையும் சேர்த்துத் தொழுதோம். நேசன் அண்ணன் எங்கள் செருப்புக்குக் காவல் இருந்தார். அதற்கு வடக்கே மனிதர்களைவிட மரங்கள்தான் அதிகம். இருபது மைலுக்கு ஒரு வீடு, வாசலில் ஒரு படகு. சாதிக் பின்சீட்டில் ஃபைலைத் தலைக்கு வைத்துத் தூங்கிப்போனான்.

மாலை 6.50. வெயில் இன்னும் உச்சியில் நிற்பதுபோல் எரிந்தது. வாரோடைத் தாண்டி வடக்கே ஆறு மைல் வந்திருப்போம். விடுதித் தீவின் எதிர்க்கரைக்கு இன்னும் ஒரு மணி நேரம்தான் என்று போன் சொல்கிறது. ஏரி வலது பக்கம் வரப்போகிறது என்று கழுத்தை நீட்டிக்கொண்டிருக்கிறேன். திடீரென்று நேசன் அண்ணன் டாஷ்போர்டில் ஓங்கி அடித்தார்.

"நிப்பாட்டு! அன்வர், நிப்பாட்டடா!"

பிரேக்கில் ஏறி நின்றேன். சாதிக் முன்சீட்டில் வந்து மோதினான். எதிரே இருநூறு அடியில் ஒரு கட்டடம், அதன் உச்சியில் கொடி. கொடியில் சிவப்பு இலை.

மினசோட்டாவுக்குள் மினசோட்டாவுக்குப் போகும் வழியில் கனடா எங்கிருந்து வந்து குறுக்கே நிற்கிறது?

"நீர் வரைபடத்தைப் பாத்தனீரோ இல்லையோ?" நேசன் என் போனைப் பிடுங்கிக் கையால் விரித்துக் காட்டினார். நாங்கள் போகவேண்டிய மேடு அமெரிக்காதான். சந்தேகமே இல்லை. ஆனால் அமெரிக்காவோடு அது தரையில் எங்குமே ஒட்டவில்லை. ஒரு பக்கம் ஏரி, மறு பக்கம் கனடா. சாலை வழி என்றால் நாற்பது மைலுக்கு மேல் கனடாவுக்குள் போய், சுற்றி, மறுபடி அமெரிக்காவுக்குள் ஏற வேண்டும். நான் விமான நிலையத்தில் படிக்காமல் 'சரி' போட்ட கட்டம் அதைத்தான் சொல்லியிருக்கிறது: இந்தப் பாதை நாட்டின் எல்லையைக் கடக்கும்.

சாதிக் கண்ணாடி வழியாகக் கொடியைப் பார்த்தான். முகத்தில் ரத்தமே இல்லை. பிறகு மெல்ல, "மச்சான், வண்டிய ரிவர்ஸ் எடுங்க. ப்ளீஸ். மெதுவா எடுங்க" என்றான். கியரை ரிவர்ஸுக்கு மாற்றினேன். அந்தக் கட்டடத்தைத் தாண்டியிருந்தால் பதினோரு வருடம் போயிருக்கும். தூங்கிக்கொண்டிருந்தவனை நானே கொண்டுபோய்த் தள்ளியிருப்பேன்.

வண்டியைத் திருப்பி ஒரு மைல் போவதற்குள் பின்னால் விளக்கு சுழன்றது. எல்லைக் காவல் வண்டி. எல்லைக் கட்டடத்தைப் பார்த்ததும் திரும்பி ஓடுகிற காரை யார்தான் சும்மா விடுவார்கள்? அதிகாரி இளைஞர், கறுப்புக் கண்ணாடி. எங்கே போகிறீர்கள், ஏன் திரும்பினீர்கள் என்று கேட்டார். சாதிக் ஃபைலை ஜன்னல் வழியே நீட்டினான். அந்த மனிதர் பானெட்டின் மேல் வைத்து ஒவ்வொரு தாளாகப் புரட்டினார். பத்தாம் வகுப்பு மதிப்பெண் பட்டியலில் கொஞ்ச நேரம் நின்றார்.

திரும்பி வந்தவர் எங்களைத் திட்டவில்லை. இந்தத் தப்பைச் செய்கிறவர்கள் வருடா வருடம் வருகிறார்கள் என்றார். வாரோட் துறையிலிருந்து காலையில் ஒரு பயணிகள் படகு தீவுகளுக்குப் போகிறது, அது கரை முதல் கரைவரை அமெரிக்கத் தண்ணீரிலேயே போகும், அதில் போங்கள் என்று சொல்லி ஃபைலை இரண்டு கையாலும் திருப்பிக் கொடுத்தார். சாதிக் அதை வாங்கி, தாள்கள் பழைய வரிசையிலேயே இருக்கின்றனவா என்று பார்த்தான்.

இரவு 8.00, வாரோடில் ஒரு மோட்டல், அறை 109 டாலர். சூரியன் இன்னும் மறையவில்லை. விடுதிக்குப் போன் செய்தேன். எடுத்த அம்மாள் நிதானமாகச் சொன்னாள்: 'எங்கள் வெப்சைட்டில் எப்படி வருவது என்ற பக்கத்தில் முதல் வரியே அதுதானே.' மீன் படங்கள் இருந்த பக்கத்தை நாற்பது தடவை பார்த்தவன் நான். அந்தப் பக்கத்தைத் திறக்கவே இல்லை. நியூ ஜெர்சிக்காரனுக்கு எப்படிப் போவது என்று யாராவது சொல்லித்தர வேண்டுமா என்ற எண்ணம்தான்.

"திரும்பிப் போயிடலாமா சாதிக்?" என்று கேட்டேன். வெட்கமாக இருந்தது.

"இல்ல மச்சான். இவ்ளோ தூரம் வந்தாச்சு. ஆனா ஒன்னு. எந்த நிமிஷமும் நாம எங்க இருக்கோம்னு எனக்குத் தெரியணும்."

வெள்ளிக்கிழமை, காலை 9.00. படகுக் கட்டணம் ஆளுக்கு ஒரு வழிக்கு 95 டாலர். நாற்பது மைல் தண்ணீர், இரண்டரை மணி நேரம். ஏரி என்று சொல்கிறார்களே தவிர, பாதி வழியில் எந்தக் கரையும் தெரியவில்லை. உப்பு வாடை இல்லாத கடல். நேசன் அண்ணன் தலையை வெளியே நீட்டி வாந்தி எடுத்துக்கொண்டே வந்தார். "ஓம், நான் பருத்தித்துறைக்காரன்தான். ஒருத்தருக்கும் சொல்லாதேங்கோ" என்றார். சாதிக் படகோட்டியின் பின்னால் போய் நின்றவன், இறங்கும்வரை ஜி.பி.எஸ் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

பிற்பகல் 2.00. எங்கள் வழிகாட்டி பெயர் டார்லா. ஐம்பதைத் தாண்டிய பெண், வெயிலில் காய்ந்து செம்புபோல் ஆன முகம், குறைவான பேச்சு. அவளிடம் சாதிக் கேட்ட முதல் கேள்வி மீனைப் பற்றியதல்ல. கோடு எங்கே என்று கேட்டான். அவள் வடக்கே கையை நீட்டினாள். தண்ணீர்தான் தெரிந்தது. வேலி இல்லை, மிதவை இல்லை, ஒரு குச்சிகூட இல்லை. நாங்கள் எல்லாம் ஒரு நாளைக்குப் பத்துத் தடவை போய் வருகிறோம், யாரும் கண்டுகொள்வதில்லை என்றாள். சாதிக் தன் நிலைமையை இரண்டே வாக்கியத்தில் சொன்னான். அவள் தொப்பியைக் கழற்றி மறுபடி போட்டுக்கொண்டாள். சரி, கோட்டுக்கு இந்தப் பக்கமே இருப்போம் என்றாள்.

விடுதியின் வைஃபையில் அவன் வக்கீலுக்கு ஒரு கேள்வி அனுப்பியிருந்தான்: காற்றில் படகு தவறி அந்தப் பக்கம் மிதந்துவிட்டால் நாட்டைவிட்டுப் போனதாக ஆகுமா? உடனே பதில் வந்தது. திங்கட்கிழமை வரை விடுமுறையில் இருக்கிறேன் என்ற தானியங்கிப் பதில்.

முதல் வால்-ஐ எனக்குத்தான் விழுந்தது. ஒன்றேகால் முழ நீளம், கனமான பெண் மீன். எங்கள் பக்கத்து ஓக் ட்ரீ ரோட்டுக் கடைகளில் ஐஸில் கிடக்கிற எந்த மீனும் இதன் கால் தூசுக்குப் பெறாது. பல்லெல்லாம் தெரியச் சிரித்துக்கொண்டு போட்டோவுக்கு நிற்கிறேன். டார்லா அளவுப் பலகையில் வைத்துப் பார்த்தாள். இருபத்து மூன்று அங்குலம். அடுத்த வினாடி அதைத் தூக்கி ஏரியில் போட்டுவிட்டாள்!

"யா அல்லாஹ்!" நான் கத்திய கத்தலில் ஒரு பறவை கிளம்பிப் பறந்தது. சின்ன மீனை விடு என்றால் எனக்குப் புரியும். பெரிய மீனை விடச் சொல்லும் ஊரை நான் பார்த்ததில்லை. பத்தொன்பதரை அங்குலத்துக்கும் இருபத்தெட்டுக்கும் நடுவில் இருப்பவைதான் முட்டையிடுகிற தாய்கள், ஆகவே சட்டப்படி விட வேண்டும் என்று அவள் விளக்கினாள். பைக் மீனுக்கும் அதே மாதிரிதான். முப்பதுக்கும் நாற்பதுக்கும் நடுவில் விட்டுவிட வேண்டும். நாற்பதைத் தாண்டினால் மட்டும் ஒன்று வைத்துக்கொள்ளலாம்.

"அப்ப நாற்பதுக்கு மேல ஒன்னு" என்றான் சாதிக். அவன் கண்ணில் அப்போதுதான் ஒரு வெளிச்சத்தைப் பார்த்தேன். "எனக்கு அது ஒன்னு போதும்."

சனிக்கிழமை, பகல் 12.30. பிடித்ததைக் கரையிலேயே பொரித்துத் தின்பது இங்கே வழக்கம். ஒரு பாறைத் தீவில் படகை நிறுத்தினாள். சாதிக் திரையில் பார்த்து, இரண்டு தடவை கேட்டு, பிறகுதான் பாறையில் கால் வைத்தான். அவள் விறகு மூட்டி, இரும்புச் சட்டியில் வெள்ளையாக ஒரு கட்டியைப் போடப் போனாள். பன்றிக் கொழுப்பு. "நோ நோ நோ!" என்று நானும் சாதிக்கும் ஒன்றாகப் பாய்ந்ததில் அந்தப் பெண் சட்டியோடு இரண்டடி பின்னால் போய்விட்டாள். ரைஹானா கொடுத்த துணிப்பையைத் திறந்தேன். சட்டியை மணல் போட்டுத் தேய்த்துக் கழுவி, கடலை எண்ணெய் ஊற்றி, மசாலா தடவிய வால்-ஐ துண்டுகளைப் போட்டேன். நெடியில் டார்லா நான்கு தும்மல் போட்டாள். பிறகு ஒரு துண்டு தின்றாள். பிறகு ஏழு தின்றாள். முப்பது வருடமாக இதை வீணாகக் கொழுப்பில் பொரித்திருக்கிறேனே என்றாள். நேசன் அண்ணன் எலுமிச்சம்பழத்தைப் பிழிந்துகொண்டே, "உமது மனுசிதான் இந்தப் பயணத்தில ஒழுங்கா யோசிச்ச ஒரே ஆள்" என்றார்.

பிற்பகல் 3.20. நீர்ச்செடிகள் அடர்ந்த படுகை ஒன்றின் ஓரமாக மோட்டாரை அணைத்துப் படகை மிதக்கவிட்டிருந்தோம். கோடு வடக்கே அரை மைல், கவலை வேண்டாம் என்று சொல்லியிருந்தாள். சாதிக் முன்பக்கம் நின்று தூண்டிலை வீசினான். நான்காவது வீச்சிலோ ஐந்தாவதிலோ அவன் கோல் அப்படியே வில்லாக வளைந்தது. முதலில் தண்ணீருக்கடியில் கிடக்கும் அடிமரத்தில் மாட்டிக்கொண்டது என்றுதான் நினைத்தோம். அடிமரம் நகர ஆரம்பித்தது.

நான் கடற்கரையில் பிறந்தவன். மீன் பார்த்துப் பயந்தவன் இல்லை. ஆனால் அது படகோரமாக முதல் தடவை மேலே வந்தபோது நான் பெஞ்சிலிருந்து எழுந்துவிட்டேன். என் பத்து வயது மகளின் உயரத்தில் முக்கால் இருக்கும். பாசி நிறம், உடம்பு முழுக்க வெளிறிய புள்ளிகள், திறந்த வாயில் ஊசி ஊசியாகப் பல். எங்களை ஒரு பார்வை பார்த்துவிட்டு மறுபடி கீழே போயிற்று. தூண்டில் நரம்பு சீறிக்கொண்டு உருவியது. நாற்பத்திரண்டு, நாற்பத்து மூன்று இருக்கும் என்றாள் டார்லா. அவள் குரலே மாறிவிட்டது. பெரிய வலையை எடுத்துக்கொண்டு அவன் பக்கம் போய் நின்றாள்.

கால் மணி நேரம். சாதிக் சிரித்துக்கொண்டிருந்தான். வாய்விட்டு, சின்னப் பையனாக. "மச்சான் பாருங்க! மச்சான் வீடியோ எடுங்க! லாத்தாவுக்கு அனுப்பணும்!" அவன் அக்கா ரைஹானாவுக்கு அனுப்ப நான் போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன். கண் கலங்கி எனக்குத் திரையே சரியாகத் தெரியவில்லை. அந்தக் கலகலப்பில் தெற்கிலிருந்து காற்று எழும்பியதை யாரும் கவனிக்கவில்லை.

சாதிக்தான் கவனித்தான். சிரிப்பு நின்றது. "டார்லா, கோடு எங்கே?" என்று கேட்டான்.

அவள் தலையைத் திருப்பித் திரையைப் பார்த்தாள். நெருங்கிவிட்டோம், ஐம்பது கஜம் இருக்கும் என்றாள். மோட்டாரைப் போட்டால் மீன் போய்விடும், இன்னும் இரண்டு நிமிடம் கொடு, களைத்துவிட்டது, வலையில் வந்துவிடும் என்றும் சொன்னாள்.

"தம்பி, இரண்டு நிமிசம்தானே. ஒருத்தரும் இல்லை இஞ்ச" என்றார் நேசன்.

சாதிக் மீனைப் பார்த்தான். அது படகிலிருந்து ஒரு கோல் தூரத்தில், மேல் தண்ணீரில், பக்கவாட்டில் சாய்ந்து கிடந்தது. செவுள் திறந்து மூடியது. பிறகு சட்டைப் பையிலிருந்து சின்னக் கத்தரியை எடுத்தான்.

"சாதிக், வேணாம்டா!" என்று கத்தினேன். மூன்று நாளாக அவனுக்கு ஆபத்தைத் தவிர எதையும் தேடித் தராத நான்தான் கத்தினேன்.

நரம்பு 'டிக்' என்று அறுந்தது. மீன் ஒரு நிமிடம் அப்படியே கிடந்தது, தான் விடுபட்டது அதற்கே தெரியாததுபோல. பிறகு வாலை ஒரு வீசு வீசிவிட்டுப் போய்விட்டது.

"போலாம்" என்றான் சாதிக். முன்பக்கம் எங்களுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டான். திரும்பாமலே, "வாப்பாவுக்கே போகல மச்சான். ஒரு மீனுக்காகப் போவேனா?" என்றான்.

டார்லா மோட்டாரைப் போட்டாள். வழியில் பாறைகள் உண்டு என்பதால் திரையைப் பெரிதாக்கினாள். நான் அவள் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். அந்த மாதிரிக் கருவிகள் படகு வந்த வழியைப் புள்ளி புள்ளியாகப் போட்டுக்கொண்டே வரும். பெரிதாக்கியதும் எல்லாம் தெளிவாகத் தெரிந்தது. எங்கள் புள்ளிகள் தெற்கிலிருந்து கிளம்பி, வடக்கே சாய்ந்து, கோட்டைத் தாண்டி, அந்தப் பக்கம் வளைந்து கிடந்தன. ஒன்றிரண்டு அல்ல, ஒரு கொத்தாக. சின்னத் திரையில் அவள் ஐம்பது கஜம் என்று சொன்னாளே, அது கோட்டுக்கு இந்தப் பக்கத்து ஐம்பது கஜம் இல்லை.

நேசன் அண்ணன் எட்டிப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி போட்டுப் பார்த்தார். டார்லா முதலில் சாதிக்கின் முதுகைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள். நான் தலையை மட்டும் ஆட்டினேன். ஆம் என்றா இல்லை என்றா, எனக்கே தெரியாது. அவள் ஏதோ ஒரு பொத்தானை அழுத்திப் பிடித்தாள். புள்ளிகள் மறைந்தன. பழைய தடங்கள் சேர்ந்தால் திரை குழப்புகிறது என்று பொதுவாகச் சொன்னாள்.

படகுத்துறையில் இறங்கியதும் நேசன் அண்ணன் என்னைத் தனியாக இழுத்துப் போனார். "சொன்னா உந்தப் பிள்ளை தானே கடிதம் எழுதித் தன்னைக் காட்டிக் குடுக்கும். விளங்குதே? நீர் வாயைத் திறக்கக் கூடாது." பார்க்கிங் டிக்கெட்டுக்கு மூன்று மின்னஞ்சல் போட்டவன். எனக்கு விளங்கியது.

ஞாயிற்றுக்கிழமை, காலை 8.30. நான்கு இரவுக்குப் பணம் கட்டி இரண்டே இரவு தங்கிவிட்டுக் கிளம்பினோம், அன்றைய படகை விட்டால் அடுத்தது செவ்வாய்க்கிழமைதான், எங்கள் விமானமோ திங்கட்கிழமை என்பதால். டார்லா துறைவரை வந்தாள். மீதி மசாலா டப்பாவை அவளிடம் கொடுத்தேன். அவள் சாதிக்கிடம் ஒரு தூண்டில் முள்ளைக் கொடுத்தாள், அந்த மீன் கொண்டுபோனதைப் போலவே ஒன்று. அவன் அதை ஃபைலுக்குள் வைத்துக்கொண்டான். படகு கிளம்பியதும் வழக்கம்போல் திரைக்குப் பின்னால் போய் நின்றான். நான் அவன் பக்கத்தில் நிற்க முடியாமல் பின்பக்கம் போய், நேசன் அண்ணனோடு சேர்ந்து தண்ணீரை எட்டிப் பார்த்துக்கொண்டு வந்தேன்.

வீட்டுக்கு வந்தபின் நியூ ஜெர்சியில் ஒரு வக்கீலிடம், நண்பருக்காகக் கேட்பதுபோல் கேட்டேன். கரையில் கால் வைக்காமல், யாரையும் எதையும் தொடாமல், மிதந்து திரும்பியதைப் போனதாகத் தான் நினைக்கவில்லை என்றார் அவர். இன்னொருவர் வேறு மாதிரியும் சொல்லலாம் என்றும் சேர்த்துக்கொண்டார். அதற்கும் ஒரு மணி நேரத்துக்கான கட்டணம் வாங்கினார். அன்றிலிருந்து எங்கள் வீட்டு விருந்துகளில் சாதிக் அந்தக் கதையைச் சொல்லும்போதெல்லாம் நான் எழுந்து சமையலறைக்குப் போய்விடுவேன். ரைஹானாவுக்குக்கூட நான் சொல்லவில்லை. பிஸ்கட்டவேயிலிருந்து எடிசனுக்குப் போகும்போது ஊர் மாறுவதைப் பலகை வைத்துச் சொல்கிறார்கள். அந்தப் பலகையைப் பார்த்தாலே எனக்கு அந்த வெறும் தண்ணீர் ஞாபகம் வருகிறது.

போன மாதம் சாதிக்குக்குப் பச்சை அட்டை வந்தது. வந்த வாரமே ஊருக்கு டிக்கெட் போட்டான். நேற்று ரைஹானாவுக்கு ஒரு படம் அனுப்பியிருந்தான். பள்ளிவாசல் மையவாடியில், வாப்பாவை அடக்கிய கபுருக்குப் பக்கத்தில் குந்தியிருக்கிறான். கையில் ஃபைல் இல்லை. அதனால்தான் இதை எழுதும் தைரியம் வந்தது.

சாதிக், நீ இதை அங்கே உட்கார்ந்து படிப்பாய். என்னைத் திட்டு, எவ்வளவு வேண்டுமானாலும் திட்டு. நீ நரம்பை அறுத்தபோது நாம் சில நிமிடங்களாகக் கனடாவுக்குள்தான் மிதந்துகொண்டிருந்தோம். அந்த மீனை நீ படகில் ஏற்றியிருக்கலாம்.